உங்களுக்குத் தெரியுமா? செத்தாலும் திரும்பி வருவான்!
கண் இல்லை, மூக்கு இல்லை. முகத்தில் கூட்டல் குறிபோல ஒரு குறி மட்டும். கைகளும் பாதங்களும் உடம்போடு ஒட்டாமல் மிதக்கும். ‘மேட்னஸ் காம்பேட்’ இணைய அனிமேஷன் தொடரின் நாயகன் ஹாங்க் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தான். ‘கிரிங்கிள்ஸ்’ என்ற புனைபெயரில் மேட் ஜாலி என்ற அமெரிக்கர் 2002இல் தொடங்கிய தொடர் இது. இரண்டாம் பாகம் ‘ரிடீமர்’ 2003இல் வந்தது. கதை கொஞ்சம்தான், சுடுவதும் வெட்டுவதுமே மிச்சம். ஒரு பாகத்தில் செத்தவன் இன்னொன்றில் எழுந்து வருவான், யாரும் கேள்வி கேட்கக் கூடாது!

மூட்டுகளை வரைகிற வேலை இல்லாததால் தனியாளே சண்டையை வேகமாக நகர்த்த முடிந்தது. கார்ட்டூன் வன்முறை நமக்கும் புதிதல்ல; கமலின் ‘ஆளவந்தான்’ படம் 2001இலேயே வன்முறைக் காட்சியைக் கார்ட்டூனாகக் காட்டியது. இந்தத் தொடர் சிறுவர்களுக்கு ஆகாது.