ஒரு மடிப்பு ஜமுக்காளம்

தரையில் கால்களை நேரே நீட்டி உட்காருங்கள். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய், இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பைத் தொட்டுப் பாருங்கள். பலருக்கு அங்கே எலும்பு முண்டு முண்டாகத் தட்டுப்படும். இனி ஒரு ஜமுக்காளத்தை மூன்று அங்குல உயரத்துக்கு மடித்துப் போட்டு, அதன் ஓரத்தில் உட்கார்ந்து அதே இடத்தைத் தொடுங்கள். முண்டுகள் உள்வாங்கியிருக்கும், சிலருக்கு நடுவில் மெல்லிய பள்ளமே ஓடும்.

தொடையின் பின்புறத் தசைகள், உட்காரும்போது தரையில் பதிகிற இடுப்பெலும்பு முனையில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிப் போய் ஒட்டுகின்றன. அவை விறைத்திருந்தால், காலை நீட்டியதும் இடுப்பெலும்பைப் பின்பக்கமாக இழுத்துச் சாய்த்துவிடும். அப்படியே, நீட்டிய கால்களின்மேல் குனியும் பச்சிமோத்தாசனத்துக்குக் குனிந்தால் இடுப்பு மூட்டு மடங்காது, கீழ்முதுகுதான் வளையும். முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளின் முன்பக்கம் நசுங்கி, உள்ளே உள்ள கூழ் பின்பக்கம் தள்ளப்படும். நரம்புகள் இருப்பதும் அந்தப் பக்கம்தான். இருக்கை உயர்ந்தால் இடுப்பெலும்பு முன்னால் சாய்கிறது, மடங்க வேண்டிய மூட்டு மடங்குகிறது.

நின்று செய்யும் ஆசனங்களிலும் இப்படித்தான். கால்களை அகட்டிப் பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில், எட்டாத தரையைக் கை தொட்டே ஆக வேண்டும் என்று முண்டியடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். தசைக்குள் நீட்சியை அளக்கும் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். மூளையைக் கேட்காமலே தசை சுருங்கிக்கொள்ளும். மருத்துவர் முழங்காலில் தட்டும்போது கால் துள்ளுவதும் இதனால்தான். பாதத்தருகே ஒரு செங்கல்லை நிறுத்தி அதன்மேல் கையை ஊன்றினால், தரையே கைக்கு எழுந்து வந்த மாதிரி. உடல் தொங்குவதில்லை, மூச்சும் சீராகிறது.

இந்தச் சின்னச் சின்ன உதவிகளை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தவர் பி.கே.எஸ். ஐயங்கார். 1918-இல் கர்நாடகத்தின் பெல்லூரில் பிறந்து, சிறுவயதில் காசநோயால் மெலிந்து, 1937-இல் புனேவுக்குப் போனவர். நோயும் முதுமையுமாக வந்தவர்களை ஆசனத்தில் நிறுத்த, செங்கல், நாற்காலி, கயிறு, வார்ப்பட்டை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தினார். 1979-இல் ஸ்கூட்டர் விபத்தில் அவரே அடிபட்டபோது, தம் உடலை மீட்கவும் இவற்றையே நாடினார்.

அவருடைய வழிமுறையில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது, தோளில் நின்று கால்களை மேலே தூக்கும் சர்வாங்காசனத்துக்கான போர்வை. வெறுந்தரையில் அந்த ஆசனத்தைச் செய்தால் கழுத்துக்கும் உடலுக்கும் நடுவே கிட்டத்தட்ட 90 பாகை மடிப்பு விழுகிறது. சாதாரணமாகக் கழுத்து முன்னால் வளைவதோ 50 பாகை அளவுக்குத்தான். மடித்த போர்வைகளைத் தோளுக்கடியில் வைத்து, தலையை மட்டும் கீழே தரையில் விட்டால் அந்தக் கோணம் தளர்கிறது. போர்வையின் வழவழப்பான மடிப்பு விளிம்பு கழுத்துப் பக்கம் இருக்க வேண்டும். தோள்கள் அந்த விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே அமர வேண்டும். இதைச் சொல்லாமல் சர்வாங்காசனம் கற்றுக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. கழுத்து வலியோ கண் அழுத்த நோயோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதன் பக்கமே போக வேண்டாம்.

துணைப்பொருள் என்பது நேற்று வந்த சலுகையும் அல்ல. யோக சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் வழங்கும் உரை, ஆசனங்களை வரிசையாகச் சொல்லும்போது சோபாஸ்ரயம் என்றும் ஒன்றைச் சொல்கிறது. 'ஆதாரத்தோடு கூடியது' என்று பொருள். அந்த ஆதாரம் யோகபட்டம் என்னும் பட்டை என்று, அவ்வுரைக்கு விளக்கம் எழுதிய வாசஸ்பதி மிஸ்ரர் சொல்கிறார். யோக நரசிம்மர் சிலைகளில் முழங்கால்களைச் சுற்றி ஓடும் பட்டை அதுதான். நம் ஊர் ஐயனார் சிலைகளிலும் அதைப் பார்க்கலாம்.

சிலைக்குக்கூடப் போக வேண்டாம். கிராமத்தில் ஆலமரத்தடியில் குத்துக்கால் வைத்து உட்காரும் பெரியவர்கள், தோள்துண்டை எடுத்து முதுகையும் முழங்கால்களையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். முழங்கால்கள் தம் கனத்தால் முன்னால் சரியப் பார்க்கும், துண்டு இழுபடும், அந்த இழுப்பு கீழ்முதுகை முன்னால் தாங்கிப் பிடிக்கும். சாய்ந்துகொள்ளச் சுவர் தேவையில்லை. துண்டு அழுத்துகிற இடத்தைப் பாருங்கள்: சற்று முன்பு நீங்கள் கை வைத்துத் தொட்டுப் பார்த்தீர்களே, ஏறக்குறைய அதே இடம்.