திராட்சை விளையும் ஊரில் 15 ஆயிரம் ரூபாய் ஜூஸர் தேவையா? 'கோல்டு பிரஸ்' மெஷின் வாங்கும் முன் இதைப் படிங்க!

தேனி மாவட்டம் உத்தமபாளையம் அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது ராயப்பன்பட்டி. ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் திராட்சைப் பந்தல்தான். பக்கத்தில் உள்ள ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் விளையும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. மற்ற ஊர்களில் சீசனுக்குத்தான் பழம் வரும், இங்கே வருஷம் முழுக்க அறுவடை.

இப்படிப்பட்ட ஊரிலும் செல்போனைத் திறந்தால் வரும் விளம்பரம் ஒன்றுதான்: 'கோல்டு பிரஸ் ஜூஸர் வாங்குங்க, ஆரோக்கியமா இருங்க'. விலை சுமார் 7 ஆயிரத்தில் தொடங்கி 25 ஆயிரத்தையும் தாண்டுகிறது. மாதத் தவணையிலும் தருகிறார்கள். அவ்வளவு பணம் போடலாமா?

மிக்ஸிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மிக்ஸியின் பிளேடு நிமிடத்துக்கு 18 ஆயிரம் முதல் 20 ஆயிரம் முறை சுற்றும். பழத்தை வெட்டிக் கூழாக்கிவிடும். கோல்டு பிரஸ் மெஷினில் பிளேடு கிடையாது. திருகு போன்ற ஒரு தண்டு நிமிடத்துக்கு 40 முதல் 80 முறைதான் சுற்றும். பழத்தை மெதுவாக நசுக்கி, சாறு ஒரு பக்கமும் சக்கை ஒரு பக்கமுமாகத் தள்ளும். கரும்பு மெஷின் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

'மிக்ஸி வேகமாகச் சுற்றுவதால் சூடாகி, பழத்தின் என்சைமும் வைட்டமினும் செத்துவிடும்' என்பதுதான் விளம்பரங்களின் முக்கிய வாதம். ஜூஸுக்கு மிக்ஸி ஓடுவது அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான். அந்த நேரத்தில் ஏறும் சூடு மிகக் குறைவு. பழத்தில் இருக்கும் என்சைமைக் காப்பாற்றிக் குடித்தாலும், வயிற்றுக்குள் போனதும் மற்ற புரதங்களைப் போல அதுவும் செரிமானம் ஆகிவிடும். வைட்டமின் சி-யைப் பொறுத்தவரை, 100 கிராம் திராட்சையில் இருப்பதே 3 அல்லது 4 மில்லிகிராம்தான். கொய்யாவில் அதே அளவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வைட்டமின் சி வேண்டுமென்றால் மெஷின் வாங்க வேண்டியதில்லை, கொய்யா வாங்கினால் போதும்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ஒரு விஷயத்தில் கோல்டு பிரஸ் ஜெயிக்கிறது. பன்னீர் திராட்சையில் விதை உண்டு. மிக்ஸியில் அதிக நேரம் ஓடவிட்டால் விதையும் அரைபட்டு, சாறு கசந்து துவர்க்கும். மெதுவாக நசுக்கும் மெஷினில் விதை பெரும்பாலும் அரைபடாமல் சக்கையோடு வெளியே வந்துவிடும். நுரை குறைவு, சாறு தெளிவு, ருசியும் நன்றாக இருக்கும். மிக்ஸி வைத்திருப்பவர்கள் இதற்குச் செய்வது விப்பரில் ரெண்டு சுத்து மட்டும் விட்டு, துணியிலோ வடிகட்டியிலோ ஊற்றிப் பிழிவது. கை கொஞ்சம் கறையாகும், அவ்வளவுதான்.

சக்கையோடு போவது என்ன?

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் மெஷினின் வேகம் இல்லை, ஜூஸ்தான்.

பழத்தை எந்த மெஷினில் பிழிந்தாலும் நார்ச்சத்தின் பெரும்பகுதியும், தோலில் இருக்கும் சத்துகளில் ஒரு பங்கும் சக்கையோடு போய்விடும். சர்க்கரை மட்டும் டம்ளரில் இறங்கும். 200 மில்லி திராட்சைச் சாற்றில், சீனி போடாமலேயே சுமார் 28 கிராம் சர்க்கரை இருக்கும். டீஸ்பூன் கணக்கில் ஐந்தரை, ஆறு வரும். சாறில் இருக்கும் இந்த இயற்கைச் சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம், நாம் தனியாகப் போடும் சீனியோடு சேர்த்தே கணக்கிடுகிறது. 2015-இல் அது வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு இந்த வகைச் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. காலையில் ஒரு டம்ளர் குடித்தாலே அந்த 25 தாண்டிவிடுகிறது. அதன் பிறகுதான் டீ, காபி எல்லாம்.

முழுப் பழமாகச் சாப்பிடும்போது கதை வேறு. ஒரு டம்ளர் சாறுக்குச் சுமார் 300 கிராம் திராட்சை வேண்டும். அவ்வளவு பழத்தையும் ஒவ்வொன்றாக மென்று, விதையைத் துப்பிச் சாப்பிட நேரமாகும். பாதியிலேயே போதும் என்றாகிவிடும். சாறை ரெண்டு மடக்கில் குடித்துவிடலாம்.

2013-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜே-யில் வெளியான ஹார்வர்டு ஆய்வாளர்களின் கட்டுரை இதையே வேறு விதமாகக் காட்டியது. அமெரிக்காவில் 1 லட்சத்து 87 ஆயிரம் பேரின் உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வாரத்துக்கு மூன்று முறை என்ற கணக்கில் திராட்சையோ உலர் திராட்சையோ சாப்பிடுவோருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 12 சதவீதம் குறைவாக இருந்தது. அதே கணக்கில் பழச்சாறு குடிப்பவர்களுக்கு 8 சதவீதம் அதிகமாக இருந்தது. இது பழக்கங்களைக் கவனித்துச் செய்த ஆய்வு, எனவே இதனால்தான் அது வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் முழுப் பழம் ஒரு பக்கமும் சாறு எதிர்ப்பக்கமும் போனதைக் கவனிக்காமல் விட முடியாது.

ஐசிஎம்ஆரின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் சாறை விட முழுப் பழமே மேல் என்கிறது. அதே ஆண்டு ஜூன் மாதம், பாக்கெட் ஜூஸ்களில் '100 சதவீதம் பழச்சாறு' என்று போடும் வாசகத்தை நீக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டதும் நினைவிருக்கலாம்.

சுகர் இருப்பவர்கள் குடிக்கலாமா?

இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு சொன்னது. மெஷின் விளம்பரங்கள் குறிவைப்பதும் பெரும்பாலும் இந்த வீடுகளைத்தான். 'சீனி சேர்க்கலையே, கோல்டு பிரஸ் தானே' என்று தினமும் ஒரு டம்ளர் குடிப்பது அவர்களுக்கு நல்லதல்ல. சாறு ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். சர்க்கரை திடீரென இறங்கி, கை நடுங்கி வியர்க்கும்போது அரை டம்ளர் சாறு கொடுக்கச் சொல்வதும் அதே காரணத்தால்தான்.

காய்கறி, கீரைச் சாறில் சர்க்கரை குறைவுதான். ஆனால் பச்சைக் கீரையைத் தினமும் கட்டுக்கட்டாகப் பிழிந்து குடித்தவர்களுக்கு, அதிலுள்ள ஆக்சலேட் சேர்ந்து சிறுநீரகம் பாதித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சிறுநீரகக் கல், சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பணக் கணக்கு

மெஷின் 15 ஆயிரம் ரூபாய், திராட்சை கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்கு 187 கிலோ பழம் வரும். ஒரு வீட்டுக்குத் தினம் அரைக் கிலோ என்றால் ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடும். தோட்டத்திலேயே வாங்குபவர்களுக்கு இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். அதோடு, தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் வந்த மிக்ஸி பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கரன்ட் செலவு பெரிய விஷயமில்லை. 200 வாட் மெஷின் பத்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்குதான். செலவாவது நேரம். தண்டு, வடிகட்டி, டிரம், மூடி எல்லாவற்றையும் கழற்றி, வடிகட்டியின் சின்னச் சின்ன ஓட்டைகளை பிரஷ் போட்டு உடனே கழுவ வேண்டும். காயவிட்டால் போச்சு. முதல் மாதம் தினமும் ஓடும் மெஷின், மூன்றாம் மாதம் பரணுக்கு ஏறுவதன் காரணம் பெரும்பாலும் இந்தக் கழுவும் வேலைதான்.

விலை அதிகம் என்பதாலேயே ஒரு ஜூஸ் மெஷின் நல்லதாகிவிடாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பிரபலமான கதை உண்டு. ஜூசெரோ என்ற நிறுவனம் 2016-இல் 699 டாலருக்கு ஒரு மெஷினைக் கொண்டு வந்தது. முதலீட்டாளர்கள் கோடிக்கணக்கில் பணம் போட்டார்கள். நறுக்கிய பழம், காய்கறி அடைத்த பாக்கெட்டை அதில் வைத்தால் பிழிந்து தரும். 2017 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் செய்தியாளர்கள் அந்தப் பாக்கெட்டைக் கையாலேயே பிழிந்து காட்டினார்கள். சாறு கிட்டத்தட்ட அதே அளவு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கம்பெனி கடையை மூடியது.

அப்படியானால் யாருக்குத்தான் இது?

மெல்ல முடியாத பெரியவர்கள், பசியே எடுக்காமல் உடம்பு தேறி வருபவர்கள் இருக்கும் வீட்டில் சாறு உதவும். அதற்கும் மிக்ஸியே போதும், வடிகட்டாமல் கொடுத்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே தினமும் காய்கறிச் சாறு பிழிந்து குடிக்கிற, கழுவச் சலிக்காத, 15 ஆயிரம் ரூபாய் பாரமாக இல்லாத ஆட்கள் வாங்கினால் பயன்படுத்துவார்கள். 'மெஷின் வந்தால் பழக்கம் வந்துவிடும்' என்று நினைப்பவர்கள், முதலில் ஒரு மாதம் மிக்ஸியிலேயே செய்து பார்க்கலாம்.

வாங்குவதென்று முடிவெடுத்தவர்கள் வாரன்ட்டி மோட்டாருக்கு மட்டுமா, வடிகட்டிக்கும் தண்டுக்கும் சேர்த்தா என்று கேட்க வேண்டும். சர்வீஸ் தேனியிலேயே கிடைக்குமா, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் விசாரிக்க வேண்டும். பழம் போடும் வாய் அகலமா என்பதையும் பார்க்கலாம். குறுகலாக இருந்தால் கேரட்டும் பீட்ரூட்டும் நறுக்கியே நேரம் போய்விடும்.

விலை விழும் நாட்களில் தோட்டத்துப் பழத்தைச் சாறாக்கி விற்கலாம் என்று யோசிக்கும் விவசாயிகளுக்கு வீட்டு மெஷின் சரிப்படாது. பெரும்பாலானவை தொடர்ந்து அரை மணி நேரம் ஓடினாலே ஓய்வு கேட்கும். கடைக்கான மெஷின் தனி, விலையும் தனி. சூடுபடுத்தாத சாறு ஃபிரிட்ஜில் வைத்தாலும் சீக்கிரம் புளித்துவிடும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இல்லாமல் விற்கவும் முடியாது. அந்த வழியில் இறங்குபவர்கள் மெஷினுக்கு முன்பணம் கட்டும் முன், ஆனைமலையன்பட்டி ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு எட்டு போய் விசாரித்துவிட்டு வரலாம்.