கடலோரச் சமையலறைகள் – 14: கப்பல் ஏறாத கறி

டப்ளின் நகரத்துக் காடில் குழம்பைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். அங்கிருந்து ரயிலில் தென்மேற்கே இரண்டரை மணி நேரம் வந்தால் கார்க். லீ ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடைத்தீவில்தான் நகரத்தின் மையம். அயர்லாந்துக் குடியரசில் மக்கள்தொகையில் டப்ளினுக்கு அடுத்த ஊர். சாப்பாடு என்று வந்துவிட்டால் மட்டும் அந்த இரண்டாம் இடத்தை இவ்வூர்க்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நானும் அவர்கள் கட்சிதான்.

சுற்றுலாக் கையேடுகளைப் புரட்டினால் அயர்லாந்துச் சாப்பாடு என்று ஆட்டிறைச்சி ஸ்டூ, புகையூட்டிய சால்மன், சோடா ரொட்டி, கருப்பு பீர் என்று வரிசையாக வரும். எல்லாம் நல்ல உணவுதான். ஆனால் கார்க்கின் பழைய தெருக்களில் பிறந்து வளர்ந்த ஒரு பாட்டியிடம் கேட்டால் அவர் சொல்லும் பெயர் வேறு: ட்ரைப் அண்ட் டிரிஷீன். மாட்டு இரைப்பையும் ரத்தக் குடலும். இந்த ஒரு தட்டுக்குள் இந்த நகரத்தின் முன்னூறு ஆண்டுக் கதை இருக்கிறது. அதைத் தேடித்தான் இங்கே வந்தேன்.

தேடல் தொடங்கும் இடம் இங்கிலீஷ் மார்க்கெட். கிராண்ட் பரேடில் ஒரு வாசல், பிரின்சஸ் தெருவில் ஒரு வாசல். 1788-இல் நகராட்சி திறந்த சந்தை. அன்றைக்கு நகராட்சி இங்கிலாந்துக்கு விசுவாசமான புராட்டஸ்டண்ட் வணிகர்களின் கையில் இருந்தது. 1840-களில் கத்தோலிக்கர்கள் நகரசபையில் பெரும்பான்மை பெற்றபோது ஏழைகளுக்கென்று கார்ன்மார்க்கெட் தெருவில் இன்னொரு சந்தை வந்தது. அதை ஐரிஷ் மார்க்கெட் என்றார்கள். பழையது இங்கிலீஷ் மார்க்கெட் ஆனது. 1980-இல் தீப்பிடித்து எரிந்து, பழைய தோற்றம் மாறாமல் மறுபடி எழுந்தது. 2011-இல் எலிசபெத் மகாராணி வந்துபோனார். மீன் கடையில் அவர் வாய்விட்டுச் சிரித்த புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

மீன் கடைகள் அழகு, சந்தேகமே இல்லை. பலகை போல விறைத்த உப்புக் கருவாடும் அங்கே கிடைக்கிறது. ஆனால் நான் போய் நின்றது இரைப்பைக் கடையில். கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று மாட்டு இரைப்பை, மடித்து வைத்த துண்டுத்துணி மாதிரி அடுக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் அறை அறையான பின்னல். பக்கத்துத் தட்டில் சுருண்டு கிடந்தது டிரிஷீன். ரத்தத்தில் செய்தது என்றால் கறுப்பாக இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். இது பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். கடைக்கார அம்மா கத்தியை வைத்ததும் மொத்தச் சுருளும் லேசாக நடுங்கியது.

“கறுப்பு புட்டிங் வேற, இது வேறம்மா. அதுல தானியம் போடுவாங்க. இதுல ரத்தம் மட்டும்தான், அதுவும் முழு ரத்தம் இல்லே” என்றார்.

செய்முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆட்டு ரத்தத்தையும் மாட்டு ரத்தத்தையும் கலந்து, உப்புப் போட்டு உறைய விடுகிறார்கள். உறைந்த கட்டியைக் கத்தியால் கீறிவிட்டால் அதிலிருந்து தெளிநீர் பிரிந்து கசியும். அந்தத் தெளிநீரைத்தான் வடித்தெடுத்து, கழுவிய குடலில் ஊற்றிக் கட்டி, கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் வேக வைக்கிறார்கள். சிவப்பணுக்கள் பெரும்பாலும் கட்டியோடு தங்கிவிடுவதால்தான் நிறம் இப்படி வெளுத்துவிடுகிறது. முன்பு டான்ஸி என்ற கசப்பு மூலிகையையும் சேர்ப்பதுண்டு. வெந்தபின் அதன் பதம் நம் சீம்பால் கட்டியை ஒத்திருக்கிறது: நாக்கில் வைத்ததும் மெல்ல வேண்டியதே இல்லை, தானாகக் கரைந்துவிடும். ஜேம்ஸ் ஜாய்ஸின் முதல் நாவல் 1916-இல் வந்தது. அதில் கார்க்குக்கு வந்திறங்கும் நாயகனின் அப்பா காலைச் சாப்பாட்டுக்குக் கேட்டு வாங்குவது டிரிஷீனைத்தான். ஊர் விட்டுப்போன கார்க்காரர் திரும்பி வந்ததும் முதலில் எதைக் கேட்பார் என்பது ஜாய்ஸுக்குத் தெரிந்திருக்கிறது.

சந்தையின் மேல்தளத்தில் இருக்கும் ஃபார்ம்கேட் கஃபேயில் கீழ்க்கடைச் சரக்கை வைத்தே சமைக்கிறார்கள். இரைப்பையை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, நிறைய வெங்காயத்தோடு பாலில் மணிக்கணக்கில் வேக விடுவார்கள். வெங்காயம் கரைந்து பால் கெட்டியாகும். கொஞ்சம் மாவும் வெண்ணெயும் சேர்த்து இன்னும் இறுக்குவார்கள். உப்பு, வெண்மிளகு தவிர மசாலா என்று வேறு எதுவும் கிடையாது. டிரிஷீனை வட்ட வில்லைகளாக வெட்டி இறக்கும் நேரத்தில்தான் சேர்ப்பார்கள், முன்பே போட்டால் உடைந்துவிடும். தட்டு மேசைக்கு வந்தபோது பாலும் வெங்காயமும் கலந்த இனிப்பு மணம்தான் முதலில் எட்டியது. இரைப்பை மெத்தென்று இருந்தது. டிரிஷீனில் மட்டும் லேசான இரும்பு வாசம். மிக மென்மையான உணவு இது. நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இதைக் கொடுத்தார்கள் என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இந்த நகரத்தில் இரைப்பையும் ரத்தமும் ஏன் இவ்வளவு மலிந்து கிடந்தன? பதில் லண்டனில் இருக்கிறது. 1663-லும் 1667-லும் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கொண்டுவந்த கால்நடைச் சட்டங்கள், அயர்லாந்திலிருந்து உயிருள்ள மாடுகள் இங்கிலாந்துக்கு வருவதைத் தடுத்தன. ஆங்கிலேயப் பண்ணையார்களைக் காப்பாற்றப் போட்ட சட்டம். மாட்டை அனுப்ப முடியாதபோது மாட்டிறைச்சியை உப்பிட்டு, பீப்பாயில் அடைத்து, கடல் கடந்து அனுப்பலாம் என்று கார்க் வணிகர்கள் கண்டுகொண்டார்கள். பெரிய இயற்கைத் துறைமுகம், சுற்றிலும் புல்வெளி, அட்லாண்டிக் போகும் கப்பல்கள் கடைசியாக நின்று சரக்கேற்றும் இடம். வேறென்ன வேண்டும்? பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்க, இலையுதிர் காலம் வந்தால் நகரத்தில் வெட்டு தொடங்கிவிடும். குளிர்காலம் வரை ஓயாது.

பிரிட்டிஷ் கடற்படைக்குப் போனது கார்க் மாட்டிறைச்சி. கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் போனது. நல்ல ரகம் தோட்டத்து முதலாளிகளின் மேசைக்கு. மட்ட ரகம் அந்தத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு. கார்க் வணிகர்களின் மாளிகைகளைப் பார்த்து வியக்கும்போது இதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

பீப்பாயில் அடைக்க முடியாதது ஊரிலேயே தங்கியது. தலை, வால், ஈரல், கிட்னி, இரைப்பை, ரத்தம். ஒரு நாள் தாண்டினால் கெட்டுப்போகும் இவை, வெட்டிய கைகளுக்கும் பீப்பாய் செய்த கைகளுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் மலிவாகக் கிடைத்தன. நாட்டின் மற்ற இடங்களில் உழைக்கும் குடும்பங்களுக்கு மாமிசமே அரிதாக இருந்த காலத்தில் கார்க்கின் ஏழைகள் கறி தின்றார்கள். ஆனால் கப்பல் ஏறாத கறியை. பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பன்றித் தொழிற்சாலைகள் வந்தன. பேக்கன் இங்கிலாந்துக்குப் போக, க்ரூபீன் என்ற பன்றிக்காலும், உப்பிட்ட விலா எலும்பும், கிட்னியும் இங்கே நின்றன. சனிக்கிழமை இரவு மதுக்கடைகளில் வெந்த பன்றிக்காலைக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டு உள்ளூர் பீரான பீமிஷையோ மர்ஃபியையோ குடிப்பது இந்த ஊர் வழக்கமாக இருந்தது.

நல்ல கறி உள்ளூரிலேயே தங்கும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. கிறிஸ்துமஸ். மாட்டின் பின்தொடைக் கறியை உப்பு, வெடியுப்பு, பழுப்புச் சர்க்கரை, மிளகு, கிராம்பு, ஆல்ஸ்பைஸ் எல்லாம் கலந்து வாரக்கணக்கில் ஊறவைத்து, வேகவைத்து, ஆறியபின் மெல்லிய சீவல்களாக்கிப் பரிமாறுகிறார்கள். ஸ்பைஸ்டு பீஃப். ஆல்ஸ்பைஸ் கரீபியனில் விளைவது. கார்க்கின் உப்பிறைச்சி போன அதே கடல்வழிதான். இப்போது சந்தையில் ஆண்டு முழுக்க விற்கிறார்கள். கறுத்த மேற்புறம், உள்ளே அடர் சிவப்பு. கிராம்பு சற்றுத் தூக்கலாக இருந்த துண்டு எனக்குப் பிடித்தது. அமெரிக்காவில் செயின்ட் பேட்ரிக் நாளுக்குச் சமைக்கும் கார்ன்டு பீஃபும் முட்டைக்கோஸும் அங்கே குடியேறிய ஐரிஷ்காரர்களின் கண்டுபிடிப்பு. நியூயார்க்கில் யூதக் கசாப்புக்கடைகளில் மாட்டிறைச்சி வாங்குகிற வசதி வந்தபோது பிறந்தது. இங்கே முட்டைக்கோஸோடு சேருவது பேக்கன்.

ஆற்றைக் கடந்து ஷாண்டன் மேட்டில் ஏறினால் இதே கதை வெண்ணெயில் தொடர்கிறது. செயின்ட் ஆன் தேவாலயத்தின் மணிக்கூண்டுக்குக் கீழே 1770-இல் தொடங்கிய வெண்ணெய்ச் சந்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகிலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை இதுதான். கெரி மலைகளிலிருந்து குதிரைகளில் பீப்பாய் பீப்பாயாக வரும். வந்து சேர்ந்த சரக்கைப் பரிசோதகர் குடைந்தெடுத்து, முகர்ந்து, சுவைத்துத் தரம் பிரிப்பார். தர முத்திரை பீப்பாயில் விழும். அந்த முத்திரையை நம்பி, பார்க்காமலே வாங்கினார்கள். கரீபியனிலும் பிரேசிலிலும் வெப்பத்தைத் தாங்க உப்பு அதிகம் போட்ட வெண்ணெய். இங்கிலாந்துச் சந்தை உப்புக் குறைந்த வெண்ணெய்க்கு மாறியபோது டென்மார்க்காரர்கள் முந்திவிட்டார்கள். 1924-இல் கார்க் சந்தை மூடப்பட்டது. பக்கத்திலேயே உள்ள வெண்ணெய் அருங்காட்சியகத்தில், சதுப்பு நிலத்தில் புதைத்துவைத்துக் கிடைத்த, ஆயிரம் ஆண்டுப் பழமையான வெண்ணெயை மரக்குடத்தோடு வைத்திருக்கிறார்கள். அதன் முன் வெகுநேரம் நின்றேன்.

சந்தைக்குப் போன வெண்ணெயைக் கடைந்தவள் அதைத் தின்றாளா? வெண்ணெய் விற்ற காசு குத்தகைக்குப் போனது. அவள் வீட்டில் மிஞ்சியது மோர். மோரும் உருளைக்கிழங்கும்தான் ஏழைக் குடியானவரின் மூன்று வேளைச் சாப்பாடு. வேலைக்குப் போகிற ஆள் ஒரு நாளைக்கு 5 கிலோவுக்கு மேல் உருளைக்கிழங்கு தின்றார். சத்தில் குறையில்லாத சாப்பாடு. ஆனால் ஒரே பயிரை நம்பிய சாப்பாடு.

1845 செப்டம்பரில் கிழங்கில் அழுகல் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள், கிட்டத்தட்ட அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். கார்க் மாவட்டத்தின் ஸ்கிபரீன் பகுதியில் பெயரில்லாத குழிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் கிடக்கிறார்கள். அந்த ஆண்டுகளிலும் வெண்ணெய் ஏற்றுமதி நடந்துகொண்டுதான் இருந்தது. 1846-இன் தொடக்கத்தில் பிரிட்டிஷ் பிரதமர் பீல் அமெரிக்காவிலிருந்து வாங்கிய மக்காச்சோளம் இதே கார்க் துறைமுகத்தில்தான் வந்திறங்கியது. அதை எப்படி அரைப்பது, எப்படிச் சமைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அரைகுறையாக வெந்த சோளம் காலி வயிறுகளைப் புண்ணாக்கியது. உணவு விளைந்த நாட்டில், உணவு ஏற்றிய துறைமுகத்தின் பின்புறத்தில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். கார்க்கில் எதைத் தின்றாலும் இதை மறந்துவிட்டுத் தின்ன என்னால் முடியவில்லை.

சோடா ரொட்டியும் அந்த மோரில் பிறந்ததுதான். சமையல் சோடா அயர்லாந்துக் கிராமங்களுக்குள் வந்தது 1830-களுக்குப் பிறகு. இந்த ஈரமான மண்ணில் விளையும் மென்கோதுமை ஈஸ்டுக்குச் சரியாக எழும்பாது. மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் அந்தக் கவலையே இல்லை. அதிகம் பிசையக்கூடாது, ஒன்று சேர்ந்ததும் விட்டுவிட வேண்டும். மேலே கத்தியால் சிலுவைக் கீறல். முன்பு பாஸ்டிபிள் என்ற இரும்புச் சட்டியில் வைத்து, மூடி மேலும் தணலைப் பரப்பிச் சுட்டார்கள். ஓவன் இல்லாத வீட்டுக்கும் ரொட்டி கிடைத்தது அப்படித்தான்.

சந்தையில் இன்னொரு பொருளையும் விடாமல் பாருங்கள்: வெண்ணெய் தடவிய முட்டை. கோழி இட்ட சூடு ஆறுவதற்குள் உள்ளங்கையில் வெண்ணெய் தடவி முட்டையை உருட்டுவார்கள். ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டு, முட்டை வாரக்கணக்கில் கெடாது. குளிர்பெட்டி வந்து எத்தனையோ காலமாகியும் இன்னும் வாங்குகிறார்கள், அந்த மெல்லிய வெண்ணெய் மணத்துக்காக. ஓடு பளபளவென்று மின்னுகிறது.

இரைப்பைக் கடை அம்மாவிடம் இளையவர்கள் வாங்குகிறார்களா என்று கேட்டேன். “வயசானவங்கதான் வர்றாங்க. அவங்க பேரப்பிள்ளைங்க கூட வந்து நின்னு பாக்கும். சிலது வாங்கும்” என்றார். அந்தச் சிலரை நம்பித்தான் இந்தத் தட்டு பிழைத்திருக்கிறது. வேறு கடைகளில் ஐரிஷ் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள் ஒரு முறையாவது இந்தக் கடைக்கு வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். வாங்க ஆள் இல்லாமல் போனால் இதைச் செய்யும் கையும் இருக்காது.

இந்தக் கதையைத் தலைகீழாகத் திருப்பிய ஒரு பெண்மணி இந்த மாவட்டத்திலேயே இருந்தார். மர்டில் ஆலன். 1964-இல், ஷானகரி கிராமத்தில், தன் பண்ணை வீட்டுச் சாப்பாட்டு அறையையே உணவகமாக்கினார். அயர்லாந்தின் உயர்தர உணவகங்கள் பிரெஞ்சுச் சமையலைப் பார்த்து நகலெடுத்துக்கொண்டிருந்த காலம். அவரோ தன் மாட்டின் பாலை, பக்கத்துத் துறையில் அன்று பிடித்த மீனை, அக்கம்பக்கத்துப் பண்ணைக் காய்கறியை விருந்தாளிக்கு வைத்தார். நல்லதெல்லாம் கப்பலேறிய மாவட்டத்தில், நல்லதை இங்கேயே சமைத்துப் பரிமாறிய அந்தச் சமையலறைக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)