எருசலேம்: சுவர் கட்டியவர்களும் கடன்பட்டவர்களும்



எருசலேம் எத்தனை முறை இடிந்தது, எத்தனை முறை எழுந்தது என்று கேட்டால் அரசர்களின் பெயர்கள்தாம் பதிலாக வரும். கி.மு. 586இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் இடித்தான், கி.பி. 70இல் ரோமானியத் தளபதி தீத்து இடித்தான். அந்தக் கல்லைச் சுமந்தவர்கள் யார், கட்டி முடித்த நகரில் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதே நம் கேள்வி.

பாபிலோன் படை அரச குடும்பத்தையும் அதிகாரிகளையும் கைவினைஞர்களையும் சிறைபிடித்துக் கொண்டுபோனது. ஏழைகளில் சிலரைத் திராட்சைத் தோட்டம் பார்க்கவும் வயல் உழவும் விட்டுவைத்தது. இதை விவிலியத்தின் அரசர்கள் நூல் சொல்கிறது. நாளாகம நூலோ, தேசம் எழுபது ஆண்டுகள் பாழாய்க் கிடந்து ஓய்வெடுத்தது என்கிறது. உழுகிறவன் இருந்த நிலம் எப்படிப் பாழாய்க் கிடக்கும்? போனவர்கள் எழுதிய வரலாற்றில் இருந்தவர்களுக்கு இடமில்லை.

பாரசீகர் காலத்தில் திரும்பி வந்தவர்கள் கோயிலைக் கட்டத் தொடங்கினார்கள். அங்கே வாழ்ந்துகொண்டிருந்த ஒரு பிரிவினர், நாங்களும் உங்கள் கடவுளையே வணங்குகிறோம், சேர்ந்து கட்டுவோம் என்று வந்தார்கள். உங்களுக்கு இதில் பங்கில்லை என்று திருப்பியனுப்பினார்கள். அசீரிய அரசன் கொண்டுவந்து குடியேற்றிய வம்சம் என்பது அவர்கள்மேல் இருந்த முத்திரை. கோயில் வேலையில் யார் கை படலாம், யார் கை படக்கூடாது என்ற இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல.

பிறகு, கி.மு. 445 அளவில், நெகேமியா மதிலைக் கட்டுகிறார். 52 நாளில் முடிந்தது. யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்ற பட்டியலே அவர் பெயரிலான நூலில் இருக்கிறது. தட்டார்கள், தைலம் செய்பவர்கள், சல்லூம் என்பவரின் மகள்கள் எல்லாரும் வேலை செய்தார்கள். தெக்கோவா ஊர் மக்களும் கட்டினார்கள். அவ்வூர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் தோள்கொடுக்கவில்லை.

மதில் எழும்போதே ஒரு கூக்குரலும் எழுந்தது. தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்தோம், அரசனின் வரிக்காகக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமையாக்குகிறோம், எங்கள் பெண்மக்களில் சிலர் ஏற்கெனவே அடிமைப்பட்டுவிட்டார்கள் என்று ஆண்களும் பெண்களும் முறையிட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர்கள் அல்லர், சொந்த இனத்துச் சீமான்கள். தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருப்பதை நெகேமியாவே சொல்கிறார். நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சத்தியம் வாங்கினார்.

சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் அதே கதைதான். ஏரோது தொடங்கிய கோயில் வேலை முடிந்தபோது 18,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தார்கள் என்று யோசேப்பு எழுதுகிறார். அவர்களுக்கு வேலை கொடுக்கத் தெருக்களுக்கு வெள்ளைக் கல் பாவினார்கள். கி.பி. 66இல் கிளர்ச்சி வெடித்தபோது, கிளர்ச்சிக்காரர்கள் ஆவணக் காப்பகத்தைக் கொளுத்திக் கடன் பத்திரங்களைச் சாம்பலாக்கினார்கள். நான்கு ஆண்டில் ரோம் நகரையே எரித்தது. பின்னர் அத்ரியான் அங்கே ரோமக் குடியேற்ற நகரை எழுப்பி, யூதர் நுழையத் தடை போட்டான்.

இன்று நாம் பார்க்கும் மதில் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் 1537 முதல் 1541 வரை கட்டியது. அதற்குள்ளும் வெளியேற்றம் நிற்கவில்லை. 1948இல் யூதக் குடியிருப்பின் மக்கள் துரத்தப்பட்டார்கள். 1967 ஜூனில் மேற்குச் சுவரை ஒட்டியிருந்த மக்ரிபிகளின் குடியிருப்பை இஸ்ரேல் இடித்தது. வட ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்காகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வக்பு செய்த இடம் அது. ஏறத்தாழ 135 வீடுகள். வீட்டைக் காலி செய்ய மக்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம்தான். வழிபட வருகிறவர்கள் இன்று கூடி நிற்கும் சதுக்கம் அந்த வீடுகள் இருந்த தரைதான்.