கேட்காத கேள்வியும் அளக்காத அழுத்தமும்

இருமலுக்காகக் குடும்ப மருத்துவரிடம் செல்கிறோம். மருந்து கிடைக்கிறது; இரத்த அழுத்தம் அளக்கப்படாமலே வீடு திரும்புகிறோம். இது மருத்துவரின் அறியாமையால் நிகழ்வதன்று. வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது, நோயாளி சொல்லாத ஒன்றை நினைவில் வைத்துச் செய்வது கடினம். உயர் இரத்த அழுத்தமோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. பக்கவாதம் வந்த பிறகே பலர் அதை அறிகின்றனர்.

இக்குறையை நீக்க இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1982ஆம் ஆண்டு ஒரு முயற்சி தொடங்கியது. எலைன் ஃபுல்லார்ட் என்ற பெண்மணி குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளுக்கு நேரில் சென்று உதவினார். அவர் மேலதிகாரியும் அல்லர், குறை எழுதிச் செல்லும் ஆய்வாளரும் அல்லர். வழித்துணை என்பதே பொருத்தமான சொல். எத்தனை நோயாளிகளின் கோப்புகளில் இரத்த அழுத்தம், எடை, புகைப்பழக்கம் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன என்று எண்ணிப் பார்ப்பதற்கு அவர் துணைநின்றார். பெரும்பாலான கிளினிக்குகள் தம்மைப் பற்றி இப்படி எண்ணிப் பார்த்ததே இல்லை! வேறு காரணத்துக்காக வரும் நடுத்தர வயதினரை அன்றே இனங்கண்டு, செவிலியரிடம் உடல்நலப் பரிசோதனைக்கு அனுப்பும் முறை அங்கே உருவாயிற்று. மருத்துவரின் சுமை கூடவில்லை, வேலை பகிர்ந்துகொள்ளப்பட்டது. வழித்துணை கிடைத்த கிளினிக்குகளில் இத்தகைய பதிவுகள் மற்றவற்றைவிடக் கூடுதலாக உயர்ந்தன என்று 1987இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது.

இதுபோன்ற 23 ஆய்வுகளைத் தொகுத்த ஓர் ஆய்வுரை 2012இல் வெளிவந்தது. வழித்துணை பெற்ற கிளினிக்குகள் மருத்துவ நெறிமுறைகளைக் கடைப்பிடிக்கும் வாய்ப்பு 2.76 மடங்கு என அது கணித்தது. ஆனால் ஒருவரே மிகப் பல கிளினிக்குகளைக் கவனிக்க நேர்ந்தால் பயன் குறைகிறது என்பதும் அதில் தெரிந்தது. இது வியப்பன்று, அவசரமாக வந்து போகிறவரால் எந்த இடத்தின் வழக்கத்தையும் மாற்ற முடியாது. மேலும், அழுத்தத்தை அளந்து குறித்துவைப்பது வேறு, அதைக் குறைப்பது வேறு. பின்னது மருந்து, உணவு, தொடர்ந்த கவனிப்பு ஆகியவற்றைச் சார்ந்தது.

ஆகவே காய்ச்சலுக்குச் சென்ற இடத்தில் செவிலியர் புகைப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டால் எரிச்சல் கொள்ள வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முதியவரை அழைத்துச் செல்வோர் அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கப்படவில்லையெனில், "இன்று அளந்து பார்க்கலாமா?" என்று நீங்களே கேட்கலாம். அளந்த எண்ணைத் தேதியுடன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவரிடம் சென்றாலும் அது பயன்படும்.