புது ரிவால்வரில் விழும் கோடு

லைசென்ஸுக்காகக் கலெக்டர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்து வாங்கிய ரிவால்வர். நாலைந்து முறை சுட்டதும் சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு. கறுநீலப் பூச்சு போய் எஃகு தெரிகிறது. வாங்கியவருக்குப் பதறத்தான் செய்யும். பெரும்பாலும் அந்தக் கோட்டால் கெடுதல் இல்லை.

விசையை இழுத்ததும் பின்னாலிருந்து ஒரு கொக்கி சிலிண்டரை அடுத்த அறைக்குத் தள்ளுகிறது. அடியிலிருந்து சிறு தாழ் எழும்பி, சிலிண்டரில் வெட்டியுள்ள பள்ளத்தில் விழுந்து நிறுத்துகிறது. தோட்டா குழலுக்கு நேராக நிற்பது இந்தத் தாழால்தான். பள்ளத்துக்கு முன்பே எழும்பும் தாழ் சற்று உரசிச் செல்லும். திண்டுக்கல் பூட்டின் லீவரில் சாவி பட்ட இடம் பளபளப்பதைப் போன்றதே இது.

கவலைப்பட வேண்டியது பள்ளத்தின் விளிம்பைப் பற்றி. அது நசுங்கிப் பிசிறு தட்டியிருந்தால், சுழன்று வரும் சிலிண்டர் தாழில் ஓங்கி மோதுகிறது என்று பொருள். தாழின் பிடி தளர்ந்தால் அறை குழலுக்கு நேரே நிற்காது. சுட்ட தோட்டாவின் அடியைப் பாருங்கள்: ஊசி குத்திய குழி நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கிறதா? சுடும்போது பக்கவாட்டில் ஈயத்துகள் தெறிக்கிறதா? இரண்டும் சேர்ந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். சிலிண்டரின் முன்முகத்தில் படியும் கரி வளையங்களோ சாதாரணம். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் சூடான வாயு கசிந்த தடம் அது.

சினிமா நாயகன்போல மணிக்கட்டை வெட்டிச் சிலிண்டரை மூடும் பழக்கம் புதுத் துப்பாக்கியையும் கெடுக்கும். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர்களில் பல நடுவே மடங்கித் திறப்பவை. அவற்றை அறைந்து மூடினால் கீலும் பூட்டுக் கொக்கியும் தளரும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது குழலுக்குள் தெரியும் கருவளையம். வீரியமற்ற தோட்டாவின் குண்டு உள்ளே சிக்கியிருக்க, அடுத்ததைச் சுட்டால் குழல் அங்கே உப்பி இந்த வளையம் விழும். அந்தக் குழலில் மறுபடி சுடவே கூடாது.

ஐப்பசி மழையில் தோலுறைக்குள்ளேயே கிடந்தால் உறை உறிஞ்சிய ஈரம் புள்ளிப் புள்ளியாகத் துருவேற்றும். தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறும்போதும் துருவைத் தேடிப் பாருங்கள். எதைப் பார்ப்பதானாலும் முதலில் தோட்டாக்களை எடுத்துவிட்டு, அறைகள் காலியா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

திண்டுக்கல்லில் அரத்தை அற்புதமாக ஆளும் பூட்டுத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். ஆனாலும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்குப் போகும்போது சுட்ட தோட்டாக் கூடுகளையும் கொண்டுபோனால், பழுதின் காரணத்தைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு எளிது.