கைநடுக்கமும் மதுப்பழக்கமும்

சம்சுவுக்கு அடிமையானவர் விடியற்காலையில் பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தால் கை நடுங்குகிறது. ஒரு மடக்கு அருந்தியதும் நடுக்கம் அடங்குகிறது. ஆகவே மதுவையே மருந்தென அவர் நம்பிவிடுகிறார். இந்நடுக்கம் எவ்வாறு உண்டாகிறது என்பதை நாம் அறிந்துகொள்ளல் நலம்.

நமது மூளையில் நரம்புகளைத் தூண்டும் இரசாயனங்களும் உண்டு. அடக்கும் இரசாயனங்களும் உண்டு. இவை தராசுத் தட்டுகள்போல் சமமாக நிற்றல் வேண்டும். மது, அடக்கும் தட்டைக் கனக்கச் செய்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, அதை ஈடுகட்டத் தூண்டும் தட்டை உயர்த்திக்கொள்கிறது. இரவில் மது வற்றியபின் அத்தூண்டுதல் மட்டும் எஞ்சி நிற்கிறது. நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் அதன் விளைவேயாகும். நடுங்கும் கை பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்தினால், புதுப்பட்டையும் சீராக வளராது.

மூளையின் அடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியும் பாதிப்புறுகிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் அங்கிருந்தே வெளிவருகிறது. மது அதைத் தடுப்பதால் உடலின் நீர் வீணாகிறது. காலையில் காணும் நாவறட்சிக்கு இதுவே காரணம். நெடுநாள் குடியால் ஆண்மைக்குரிய ஹார்மோனும் குறைகிறது.

தைப்பூச விரதத்தை முன்னிட்டு, பல்லாண்டுக் குடியை ஒரே நாளில் நிறுத்துவோர் உளர். நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும், நிறுத்திய 2 நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். 2 முதல் 4 நாள்களுக்குள் சிலர் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றுவர். இதைப் பேய்பிடித்ததாக எண்ணி மந்திரிக்க அழைத்துச் சென்றால் உயிருக்கே ஆபத்து நேரலாம். கோல சிலாங்கூர் வட்டாரத்தினர் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கும், உலு சிலாங்கூர் தோட்டத்தினர் கோல குபு பாரு மருத்துவமனைக்கும் உடனே அழைத்துச் செல்லல் வேண்டும். குடியை நிறுத்துமுன்பே மருத்துவரை நாடுவது இன்னும் சிறந்தது. தக்க மருந்துகளும் வைட்டமின் பி1 சத்தும் அளித்து, மூளை சமநிலை அடையும்வரை அவர் கவனித்துக்கொள்வார்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. குடியின் கேட்டை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர். குடியை விட முனைவோரை ஏளனம் செய்யாது, மருத்துவமனை வரை துணைநிற்பது நமது கடமையாகும்.